யானை பார்க்கப் போனோம்

1

போன மாதம் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, துணி வியாபாரமாகச் சிங்கப்பூருக்குப் போகும் வழியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இரண்டு நாள் தங்கினார். காலையில் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர், தூரத்தில் நீலமாய் நீண்டு கிடந்த மலைத்தொடரைப் பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அடேயப்பா! இவ்வளவு பக்கத்துல மலையை வச்சுக்கிட்டு இருக்கீங்களே, மேல ஏறிப் பாத்திருக்கீங்களா?"

குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி செல்லம்மாள், பாதி துலக்கிய செம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

"ஒரு தடவை போயிருக்கோம்" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"குளிரா இருந்துச்சு."

அவர் அதோடு விட்டுவிட்டார். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் எல்லோருமே இப்படித்தான் பதில் சொல்கிறோம். மழை தினமும் பெய்யும், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, டுரியான் பழம் முதலில் நாறும், பிறகு பழகிவிடும். இந்தப் பத்திரிகைக்கு முன்பு நான் எழுதி அனுப்பியவையும் அந்த மாதிரிச் சரக்குதான்: ரப்பர் மரத்தில் பால் வெட்டும் விதம், கிள்ளான் துறைமுகம், தைப்பூசக் கூட்டம். வாசித்தவர்கள் மலாயாவில் நாங்கள் சுகமாக இருப்பதாக எண்ணியிருப்பார்கள். சுகமாகத்தான் இருக்கிறோம். ஆனாலும் அந்த ஊர்க்காரர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று இருக்கிறது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2

நான் ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி. குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமான மறு வருஷமே செல்லம்மாளை அழைத்துக்கொண்டு கப்பலேறினேன். இங்கே வந்து பிறந்தவள் எங்கள் ஒரே மகள் நீலாவதி.

பிரசவ ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி செல்லம்மாளிடம் ஏதோ கடிந்து பேசியிருக்கிறாள். என்ன குற்றம் என்று இவளுக்குப் புரியவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் சிரித்திருக்கிறாள். சிரித்ததற்காக இன்னும் அதிகமாகத் திட்டு விழுந்ததாம். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "இவ இங்கிலீஷ் படிக்கணும். அவங்க பேசினா இவ திருப்பிப் பேசணும்."

அப்போது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் பெண்பிள்ளைகளைக் கான்வென்ட்டுக்கு அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. தமிழ்ப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. செல்லம்மாள் கேட்கவில்லை. விடியற்காலையில் எழுந்து இடியாப்பம் பிழிந்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, அந்த வரும்படியில் மகளுக்குக் கவுனும் கான்வாஸ் சப்பாத்தும் வாங்கினாள். தான் இரண்டு புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் நீலாவதி என்ற பெயர் சிஸ்டர்களின் வாயில் நுழையாமல் 'நெல்லி' ஆகிவிட்டது. அதைக் கேட்ட நாளில் செல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெல்லிக்காயா? ஊறுகாய் போட்டுடாம இருக்கணும்!"

மகளின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போயிற்று. ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா, எனக்குக் குளிர் பிடிச்சிருக்கு" என்றாள். "பிடிச்சிருந்தா நல்லதுதானே, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு" என்றாள் தாய். ஜலதோஷத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்கும் பிறகுதான் விளங்கிற்று. இவற்றையெல்லாம் நாங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். விருந்தாளிகள் வந்தால் அவளை அழைத்து இங்கிலீஷில் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்போம். செல்லம்மாளுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

செல்லம்மாள் எதையும் கேட்டு வாங்குகிறவள் அல்ல. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

அவள் மன்னார்குடியில் வளர்ந்தவள். கோயில் வாசலில் கட்டியிருந்த யானையைச் சிறுமியாக இருந்தபோது தினமும் பார்த்தவள். சங்கிலி உராய்ந்து அதன் காலில் புண் இருந்ததாம். ஈ மொய்க்கும். ஒருநாள் திருவிழாக் கூட்டத்தில் அது நகர மறுத்தபோது பாகன் காதுக்குப் பின்னால் அங்குசத்தால் குத்திக் குத்தி ரத்தம் வடிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கூட்டம் அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே அதனிடம் ஆசீர்வாதம் வாங்கியதாம். ஊரைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில் பாதி அந்த யானையைப் பற்றியதுதான்.

"மலையில காட்டு யானை இருக்காமே. சங்கிலி இல்லாம நடக்குற யானையை ஒரு தடவை பாத்துடணுங்க" என்றாள்.

3

அந்த நாளில் மலைக்குப் போவது எளிதல்ல. குவாலா குபு என்ற ஊருக்கு மேலே வெள்ளைக்காரர்கள் குளிருக்காகப் பங்களா கட்டிக்கொண்ட மலை ஒன்று உண்டு. அதைச் சுற்றிய காட்டில் வேட்டை கூடாது. நடப்பதற்குப் பாதைகள் வெட்டியிருந்தார்கள். வார விடுமுறை என்றால் துரைமார்கள் தடியும் தொப்பியுமாகக் கும்பல் கும்பலாகப் போய் வருவார்கள். எங்களைப் போன்றவர்கள் போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த ஆபீசில் கேட்டாலும் வேறொரு ஆபீசைக் கைகாட்டினார்கள். கடைசியில் காட்டு இலாகாவில் ஒரு மலாய்க்காரக் குமாஸ்தா அனுமதிச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

"என்ன காரியமா?"

"யானை பார்க்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மனிதருக்குத் தமிழ் நன்றாக வரும். "காஜா அன்னிக்கு லீவு போட்டிருந்தா என்னைக் கேக்கக் கூடாது லா, கிராணி."

காஜா என்றால் மலாயில் யானை. வீட்டுக்கு வந்து சொன்னபோது செல்லம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "காஜா... நம்ம கஜம்தானே!" என்று அடுப்படியில் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நீலாவும் அதே அளவு ஆவலாக இருந்தாள். பதினாறு வயது. சிஸ்டர் ஒருவரிடம் பறவைப் படம் போட்ட புத்தகத்தை இரவல் வாங்கி, ரயிலில் தாய்க்குப் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். தாயின் தோளில் சாய்ந்து தூங்கவும் செய்தாள். அந்தப் பிரயாணத்தில் அவர்கள் இருவரும் எப்படி இருந்தார்கள் என்பதை இங்கே எழுதாமல் போனால், பின்னால் நடந்தது உங்களுக்குச் சரியாக விளங்காது.

ரயிலை விட்டு இறங்கி, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிய லோரியில் மலையடி வரைக்கும் போனோம். அதற்கு மேலே சாலை குறுகல். ஏறுகிற வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்குகிற வண்டிகளுக்கு ஒரு நேரம் என்று கேட்டைத் திறந்து மூடுவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சாலை வேலை மேஸ்திரி மாணிக்கத்தின் வீடு. அவர் என் சிநேகிதர். இரவு அவர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் காட்டுப் பாதை வழியாக நடந்து ஏறினோம்.

"இந்த வாரம் உப்பு மண் திங்க பள்ளத்துல யானைக் கூட்டம் வந்து நிக்குது. உங்களுக்கு யோகம்தான்" என்று மேஸ்திரி வழியனுப்பினார்.

4

முதல் இரண்டு மைல் செல்லம்மாள்தான் முன்னால் நடந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் சாப்பாட்டுப் பையும் ஒரு கையில் மகளின் மழைக்கோட்டும் மறு கையில் குடையுமாக. கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கவில்லை. வெறுங்கால். அட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. சுண்ணாம்பு தடவி உதிர்ப்பாள், ரத்தம் வழியும், துடைக்காமல் நடப்பாள். மூடுபனி மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. எங்கிருந்தோ கருங்குரங்குகள் ஒன்றுக்கொன்று கூவின. கேட்டால் ஆள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். தலைக்கு மேலே இருவாச்சி ஒன்று பறந்தபோது அதன் சிறகுச் சத்தம் நீராவி வண்டி மூச்சு விடுவது போல் கேட்டது. செல்லம்மாள் நின்று அண்ணாந்து பார்த்து, "ரயில்வே பறவை போல இருக்கு" என்றாள். நீலா சிரித்துக்கொண்டே தாயின் காலில் ஒட்டியிருந்த ஓர் அட்டையைக் குனிந்து பிடுங்கி எறிந்தாள்.

பாதை மேலே மோட்டார் சாலையோடு சேரும் இடத்தில் ஒரு பங்களாத் தோட்டம், ரோஜாச் செடிகள், வேலி ஓரமாக ஒரு மரப் பெஞ்சு. அங்கேதான் அவர்களை உட்கார வைத்தேன். மத்தியானம் இறங்குகிற லோரியில் இடம் சொல்லி வைக்க வேண்டும், கேட்டு மூடிவிட்டால் வேறு வண்டி கிடைக்காது. "லோரிக்காரனைப் பாத்துட்டு வந்துடறேன், அப்புறம் பள்ளத்துக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். லோரிக்காரன் கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தேடிப் பிடித்துப் பேசி முடிக்க நேரமாகிவிட்டது.

நான் இல்லாதபோது நடந்ததை நீலாதான் பிறகு என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் எதையும் மறைக்கவில்லை.

அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேலி மேல் உட்கார்ந்திருந்த ஒரு குருவியின் பெயரை இங்கிலீஷில் வாய்விட்டுப் படித்திருக்கிறாள். தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த துரைசாணி அதைக் கேட்டு வேலியருகே வந்திருக்கிறாள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன படிக்கிறாய், எவ்வளவு அழகாகப் பேசுகிறாய் என்று விசாரித்திருக்கிறாள். நெல்லி என்ற பெயரைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பிடித்துவிட்டது. பிறகு, பையையும் குடையையும் மழைக்கோட்டையும் சுமந்துகொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்ற செல்லம்மாளைப் பார்த்து, "இவள் உன் அமாவா?" என்று கேட்டாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இங்கே வெள்ளைக்காரர் வீட்டிலும் பணக்காரர் வீட்டிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரிக்கு 'அமா' என்று பெயர். பெரும்பாலும் சீனத்திகள் செய்யும் வேலை. நம் காதுக்கு அது அம்மா என்றுதான் விழும்.

நீலாவுக்கும் அப்படித்தான் விழுந்தது. "யெஸ்" என்றாள். செல்லம்மாளுக்கும் அந்த ஒரு வார்த்தை புரிந்தது. தன்னைத்தான் அறிமுகம் செய்கிறாள் மகள் என்று நினைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

துரைசாணி தலையை ஆட்டிவிட்டு நீலாவிடம், "நாங்கள் யானை பார்க்கக் கிளம்புகிறோம், நீயும் வா. முதலில் ஒரு கோப்பை தேநீர். உன் வேலைக்காரி பின்பக்கம் சமையற்கட்டில் இருக்கட்டும், என் ஆள் அவளுக்கு ஏதாவது கொடுப்பான்" என்றாள்.

அப்போதுதான் நீலாவுக்கு விளங்கியது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். வராந்தாவில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, கோப்பைகள், எழுந்து நின்று தன்னை வரவேற்கும் இரண்டு துரைமார். பக்கத்தில் அழுக்கு ஏறிய புடவையும் காலில் காய்ந்த ரத்தமுமாகத் தாய். அவள் திருத்தவில்லை.

தேநீர் முடிந்து எல்லோரும் காட்டுக் காவலனோடு பள்ளத்துக்கு இறங்கியபோது, யானை பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று செல்லம்மாளும் பின்னாலேயே நடந்தாள். காவலன் கையை நீட்டி மறித்தான். துரைசாணி திரும்பி, கூட்டம் அதிகமானால் யானைகள் கலைந்துவிடும் என்று நீலாவிடம் சொன்னாள். செல்லம்மாள் மகளைப் பார்த்தாள்.

"நீ இங்கேயே இரு" என்றாள் மகள்.

அம்மா என்று ஒரு சொல் சேர்த்திருந்தாலும் அந்த வெள்ளைக்காரியின் காதில் அது அமா என்றுதான் விழுந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதையும் அவள் சேர்க்கவில்லை.

5

நான் திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. பங்களாவின் பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டுப் போனேன். சமையற்கட்டு வாசற்படியில் செல்லம்மாள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீனச் சமையற்காரன் கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன செல்லம் இது? நீலா எங்க?"

"யானை பாக்கப் போயிருக்காங்க."

"யார் யார்?"

"மிஸ்ஸியும் துரைமாரும்."

மிஸ்ஸி என்பது அமாக்கள் எஜமான் வீட்டுப் பெண்பிள்ளைகளை அழைக்கும் பெயர். எனக்கு முதலில் விளங்கவில்லை. சமையற்காரன்தான் மலாயில் சொன்னான்: அந்தத் தமிழ் மிஸ்ஸியோட அமா இது, சும்மா உட்காராம எனக்கு ஒத்தாசை பண்ணுது, நல்ல பொம்பளை. அவளிடமும் இதையே சொல்லியிருக்கிறான். பள்ளத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்திருப்பேன். செல்லம்மாள் கத்தியைக் கீழே போடாமலே என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"போகாதீங்க. நாலு பேர் முன்னால அவங்களை அசிங்கப்படுத்தாதீங்க."

"அவங்களா? யாரைச் சொல்றே?"

அவள் மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கினாள். அப்போது பள்ளத்திலிருந்து யானை பிளிறும் சத்தம் வந்தது. ஒன்று பிளிற, இன்னொன்று பதில் கொடுத்தது. சமையற்கட்டுத் தகரக் கூரை அதிர்ந்தது. செல்லம்மாளின் கை நின்றது. சமையற்காரனைப் பார்த்து, "காஜா?" என்று கேட்டாள். அவன் தலையசைத்தான். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் ஓய்ந்த பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நீலாவின் முகம் ஜொலித்தது. துரைசாணியிடம் கைகளை விரித்துக் காட்டி இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தவள், சமையற்கட்டு மூலையில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நான் வேட்டி கட்டியிருந்தேன். துரைசாணி என்னை யார் என்றே கேட்கவில்லை. ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிச் செல்லம்மாளிடம் நீட்டினாள். செல்லம்மாள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்யூ, மேம்" என்றாள். அதை எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

லோரியில் மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். பாதி மலை இறங்கியதும் செல்லம்மாள் காகிதத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க, மிஸ்ஸி. காலையிலேருந்து நடந்திருக்கீங்க."

"அம்மா!"

"எத்தனை யானை பாத்தீங்க? குட்டி இருந்துச்சா?"

நீலா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். செல்லம்மாள் மழைக்கோட்டை விரித்து அவள் மடிமேல் போர்த்திவிட்டாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

6

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கோபம் என்றால் சத்தம் இருக்கும், சத்தம் தீர்ந்தால் கோபமும் தீரும். செல்லம்மாளிடம் சத்தமே இல்லை.

அவள் எந்த வேலையிலும் குறை வைக்கவில்லை. முன்பைவிட நன்றாகச் செய்தாள். காலையில் மகளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி நிற்பாள். சப்பாத்துக்கு வெள்ளை பூசி வாசலில் வைப்பாள். "மிஸ்ஸி, தலை பின்னட்டுங்களா?" என்று அனுமதி கேட்டுப் பின்னிவிடுவாள். மகள் நாற்காலியில் இருந்தால் இவள் தரையில். மகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவள் தட்டு எடுப்பாள்.

நீலா காலில் விழுந்தாள். "ஒரு தடவை திட்டிடும்மா. அடிச்சிடு. விளக்குமாத்தால அடி."

"எழுந்திருங்க மிஸ்ஸி. கவுன் அழுக்காயிடும்."

"நான் செஞ்சது தப்புதான். எனக்குத் தெரியாம வாயில வந்துடுச்சு."

"நீங்க என்ன தப்பு செஞ்சீங்க? அவங்க கேட்டாங்க, நீங்க சொன்னீங்க."

நான் செல்லம்மாளைத் தனியே அழைத்துக் கண்டித்தேன். பெற்ற பிள்ளையை இப்படி வதைக்கலாமா, அவள் சின்னப் பெண், அந்த இடம் அப்படி, அந்த மனிதர்கள் அப்படி என்றெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சோத்துல கொறை வச்சேனா? துணியில கொறை வச்சேனா?" என்று மட்டும் கேட்டாள்.

வரிசை வீடுகளில் எதுவும் மறையாது. சுவர் ஒரு செங்கல் கனம். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் செல்லம்மாளுக்காகப் பரிதாபப்பட்டார்கள், பிறகு வேடிக்கை பார்த்தார்கள். குழாயடியில் நீலா தண்ணீர் பிடிக்கப் போனால், "வழி விடுங்கடி, மிஸ்ஸி வர்றாங்க" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடத் தெருவில் மிஸ்ஸி, மிஸ்ஸி என்று பின்னால் ஓடினார்கள். நீலா தண்ணீர் பிடிக்கப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். பேசுவதையும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு மட்டும் வெறிபிடித்தவள் போல் படித்தாள்.

எந்தக் கொடுமை பெரியது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மகள் செய்தது ஒரு மத்தியானப் பொழுது. தாய் செய்தது மாதக்கணக்கில். ஆனால் சமையற்கட்டு வாசற்படியில் அவள் முகம் பள்ளத்துப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தவன். அதனால் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எங்களைப் போலப் பிள்ளைகளை இங்கிலீஷுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் இங்கே ஆயிரம் பேர். அவர்கள் வீட்டில் இதெல்லாம் பேச்சில்லாமல் மெதுவாக நடக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு மலையும் ஒரு துரைசாணியும் வாய்த்தார்கள்.

7

நீலா நல்ல மார்க்குடன் தேறினாள். ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டாள். கோலாலம்பூரிலேயே இடம் இருந்தது. அவள் ஈப்போவிலுள்ள ஒரு கான்வென்ட்டைக் கேட்டு வாங்கினாள். அங்கேயே தங்கிக்கொள்ளலாம். நான் காரணம் கேட்கவில்லை.

புறப்பட்ட நாளில் செல்லம்மாள் எலுமிச்சஞ்சாதம் கட்டினாள். பெட்டிக்குக் கூலி ஆள் பிடிக்கப் போன என்னை நிறுத்திவிட்டாள். தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தாள். நீலா இரண்டு தடவை திரும்பி நின்று, "குடும்மா, நான் தூக்கறேன்" என்றாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பிளாட்பாரத்தில் அவளை அழைத்துப் போக ஈப்போ சிஸ்டர் ஒருவர் காத்திருந்தார். வயதானவர், ஐரிஷ்காரர், அன்பான முகம். நீலாவின் கையைக் குலுக்கினார், எனக்கு வணக்கம் சொன்னார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தூண் ஓரமாக ஒதுங்கி நின்ற செல்லம்மாளைப் பார்த்தார்.

"இது யார், நெல்லி?"

பிளாட்பாரம் நிறைய ஜனம். நீலா ஒரு வினாடியும் தயங்கவில்லை. நேராகத் தாயிடம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து சிஸ்டர் முன்னால் நிறுத்தினாள். இங்கிலீஷில், சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"என் தாய், சிஸ்டர். என்னைப் பெற்ற தாய்."

சிஸ்டர் முகம் மலர்ந்து கையை நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்தது, இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

செல்லம்மாள் தன் கையை மகளின் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். சிஸ்டரைப் பார்த்துப் பணிவாகத் தலை குனிந்தாள்.

"நோ, மேம்" என்றாள். "அமா."

சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதையும் தாய் என்றே எடுத்துக்கொண்டாரோ என்னவோ, "ஆமாம், ஆமாம்" என்பது போலத் தலையாட்டிச் சிரித்தார். நீலாவுக்கு விளங்கியது. அவள் முகத்தில் அப்போது அழுகைகூட இல்லை. குனிந்து பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். எங்கள் பக்கத்து ஜன்னலில் இடம் இருந்தும் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. நான் கையை அசைத்தேன். யாருக்கு அசைத்தேனோ.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி வந்து போய்விட்டன. மாதம் தவறாமல் எனக்கு எழுதுகிறாள், இங்கிலீஷில். விடுமுறைக்கு வருவதில்லை, பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதாம்.

அன்று ஸ்டேஷனிலிருந்து நடந்தே திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் செல்லம்மாள் முகம் கழுவினாள், அடுப்பை மூட்டினாள். நான் திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"அத்தனை பேர் முன்னால எவ்வளவு சத்தமா சொன்னா பாத்தீங்களா, அவ?"

அவள் வாயிலிருந்து மகளைப் பற்றி 'அவ' என்ற சொல் வந்தது அந்த மலைக்குப் பிறகு அன்றைக்குத்தான். நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஈப்போ வண்டி அதற்குள் ரவாங் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும்.